ஊசி போட்ட தோள் வலித்தால்

தடுப்பூசி போட்டால் கை ஒரு நாள், இரண்டு நாள் வலிக்கும். பிறகு சரியாகிவிடும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

யாரோ சிலருக்கு மட்டும் அந்த வலி போவதில்லை. கையைத் தூக்க முடியாது. தலை வார முடியாது. ரவிக்கை போடக்கூட ஆள் வேண்டும். ஏன் இப்படி?

உங்கள் தோள் எலும்பின் முனையைத் தொட்டுப் பாருங்கள். அதற்கு இரண்டு மூன்று விரல் கீழே தடித்த சதை இருக்கிறது. ஊசி அங்கே போட வேண்டும். மேலே ஏற்றிப் போட்டால் மருந்து மூட்டுப் பக்கம் போய்விடலாம். மூட்டு புண்ணாகி வீங்கும். தவறு மருந்தில் இல்லை, குத்திய இடத்தில். இது மிக அபூர்வம். அதனால் ஊசிக்குப் பயப்பட வேண்டாம்.

அமெரிக்காவில் இந்தக் காயத்துக்கு நஷ்டஈடு கொடுக்கிறார்கள். அந்தச் சட்டம் வந்த கதையைக் கேளுங்கள்.

1980-களில் அங்கே தடுப்பூசிக் கம்பெனிகள் மேல் நிறைய வழக்குகள் வந்தன. சில கம்பெனிகள் மருந்து தயாரிப்பதையே விட்டுவிட்டன. குழந்தைகளுக்கு மருந்து கிடைக்காமல் போகுமோ என்ற பயம் வந்தது. அதனால் 1986-ல் ஒரு சட்டம் போட்டார்கள். 1988-ல் அது நடைமுறைக்கு வந்தது. ஊசி மருந்துக்கு வரி வாங்கி, அந்தப் பணத்தை ஒரு நிதியில் சேர்க்கிறார்கள். ஒரு நோய்க்கு 75 சென்ட் வரி. நூறு சென்ட் ஒரு டாலர். மூன்று நோயைத் தடுக்கும் ஊசி என்றால் 2 டாலர் 25 சென்ட்.

2017-ல் தோள் காயத்தையும் பட்டியலில் சேர்த்தார்கள்.

"அப்படியானால் கை வலித்தவருக்கெல்லாம் பணமா?" என்று எங்கள் மையத்தில் ஒரு அக்கா கேட்டார். இல்லை அக்கா. ஊசி போட்ட 48 மணி நேரத்துக்குள் வலி தொடங்கியிருக்க வேண்டும். அந்தத் தோளில் முன்பே கோளாறு இருந்திருக்கக் கூடாது. பொதுவாக ஆறு மாதத்துக்கு மேல் தொல்லை நீடிக்க வேண்டும். மூன்று வருடத்துக்குள் மனுப் போட வேண்டும்.

ஆனால் நர்ஸ் தவறு செய்தார் என்று நிரூபிக்க வேண்டியதில்லை. எனக்கு இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. ஊசி போட்டவர் முகமே நமக்கு ஞாபகம் இருக்காது. அவர் தவறை எப்படி நிரூபிப்பது?

வைத்தியச் செலவும், வேலைக்குப் போகாத நாட்களின் சம்பளமும் கிடைக்கும். பட்ட வேதனைக்கு 2,50,000 டாலர் வரை தரலாம். நியாயமான மனு தோற்றாலும், வக்கீல் செலவை நிதியே கொடுத்துவிடும்.

நம் நாட்டில் வழி வேறு. தனியார் ஆஸ்பத்திரியில் பணம் கட்டி ஊசி போட்டிருந்தால், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். இரண்டு வருடத்துக்குள் செய்ய வேண்டும். கவனக்குறைவு நடந்தது என்று நாம்தான் காட்ட வேண்டும். எல்லோருக்கும் இலவசமாக வைத்தியம் செய்யும் ஆஸ்பத்திரி நுகர்வோர் சட்டத்தில் வராது. 1995-ல் சுப்ரீம் கோர்ட் இப்படிச் சொன்னது. அதற்கு சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். ஊசி போட்ட நர்ஸிடமும் வலியைச் சொல்லுங்கள். அதை மேலே தெரிவிக்க ஏற்பாடு இருக்கிறது.

எங்கே போனாலும் தேதியைத்தான் முதலில் கேட்பார்கள். ஊசி அட்டையில் தேதி இருக்கும். எந்தக் கையில் போட்டார்கள் என்று எழுதாமல் விட்டிருக்கலாம். இப்போதுதான் உங்களுக்கு எழுதத் தெரியுமே! இடது கையா, வலது கையா என்று நீங்களே எழுதுங்கள். வலி தொடங்கிய நாளையும் பக்கத்தில் குறித்து வையுங்கள்.