கண்ணுக்குள் கிருமி புகுந்தால்...



கண் சிவந்தால் "கண்நோய்தானே" என்று நான்கு நாள் பொறுத்திருப்பது எமது வழக்கம். வெளிப்புறத்தில் வரும் அந்நோய் பெரும்பாலும் மாறிவிடும். ஆனால் கண்ணுக்கு உள்ளே பற்றீரியாக் கிருமி புகுந்து பெருகுவது வேறு நோய். வைத்தியர்கள் இதனை என்டோப்தல்மைற்றிஸ் என்பர். கண்ணை நிறைத்திருக்கும் பளிங்கு போன்ற கூழில் இரத்தக் குழாய்கள் இல்லை. ஆகவே உடலின் எதிர்ப்புச் சக்தி அங்கு விரைவாகச் சென்றடையாது. கிருமி பெருகி விழித்திரையை அழித்துவிடும்.

எப்படி வருகிறது?

கண் சத்திரசிகிச்சையின் பின்னர் மிகச் சிலருக்கு வரலாம். முள், விறகுச் சிராய், சுத்தியல் அடிக்கும்போது தெறிக்கும் இரும்புத்துண்டு என்பன கண்ணைத் துளைத்தாலும் வரும். மண்ணிலுள்ள பசிலஸ் என்னும் கிருமி உட்சென்றால் ஓரிரு நாளிலேயே பார்வை பறிபோகலாம். நீரிழிவு உள்ளவர்களுக்கு உடலின் வேறிடத்துக் கிருமி இரத்தத்தின் வழியாகவும் கண்ணை அடையலாம்.

எனது அக்காவுக்கு 2009 இல் செல் துண்டு பட்டு இடக்கண் போய்விட்டது. தையல் தொழிலால் இரு பிள்ளைகளை வளர்த்தவர். மிஞ்சிய வலக்கண்ணிலும் புரை வளர்ந்ததால் சத்திரசிகிச்சை செய்தோம். கட்டவிழ்த்ததும் என் முகம் தெளிவாகத் தெரிகிறது என்று சிரித்தார். ஐந்தாம் நாள் கண் குத்தி வலித்தது. இமை வீங்கியது. எல்லாம் புகைமூட்டமாகத் தெரிந்தது.

"ஒப்பரேசன் செய்த கண் நோகத்தானே செய்யும், கிளினிக் நாள் வரட்டும் பிள்ளை" என்றார் பக்கத்து வீட்டு மாமி. கிளினிக்குக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. வலி கூடினால் உடனே வரும்படி தாதி சொல்லி அனுப்பியிருந்ததால், அன்றே பஸ் ஏறினோம்.

கருவிழியின் பின்னால் கீழ்ப்பக்கத்தில் வெண்மையாகச் சீழ் படிந்திருந்தது. கண்ணை விறைக்கச் செய்து, உள்ளிருந்து சிறிது கூழ் எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார்கள். முடிவுக்குக் காத்திராமல் வன்கோமைசின், செப்ராசிடிம் ஆகிய மருந்துகளைக் கண்ணுக்குள்ளேயே ஊசியால் ஏற்றினார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மில்லிலீற்றரில் பத்தில் ஒரு பங்குதான்! விழுங்கும் குளிசையோ வெளியே விடும் சொட்டு மருந்தோ உள்ளே போதியளவு சேராது என்று வைத்தியர் விளக்கினார்.

வெளிச்சம் மட்டுமே தெரியுமளவுக்குப் பார்வை குறைந்தவர்களுக்கு, கூழை அகற்றும் சத்திரசிகிச்சையை உடனே செய்வது நல்லதென 1995 இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. அக்காவுக்குக் கையசைவு தெரிந்ததால் ஊசியே போதுமானதாயிற்று. பார்வை முழுதாகத் திரும்பவில்லை. ஆயினும் கண்ணாடி போட்டுத் தைக்கிறார்.

நாம் செய்ய வேண்டியவை

* சொட்டு மருந்து விடுமுன் சவர்க்காரமிட்டுக் கை கழுவுங்கள். போத்தல் நுனி கண்ணில் படக்கூடாது. ஒருவருடைய மருந்தை இன்னொருவர் பாவிக்க வேண்டாம்.

* தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு, தேன் எதையும் கண்ணில் விடாதீர்கள்.

* கண்ணில் ஏதேனும் குத்தி நின்றால் பிடுங்காதீர்கள், கசக்காதீர்கள், கழுவாதீர்கள். கண்ணை அழுத்தாதபடி சிறு கோப்பையால் மூடி, உடனடியாக வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

* சத்திரசிகிச்சையின் பின் வலி கூடினால், பார்வை குறைந்தால் கிளினிக் நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

இதற்குப் பயந்து கண்புரைச் சத்திரசிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். பஸ் காசை யோசித்து ஒரு நாள் பிந்தினால், இழந்த பார்வையை எந்தக் காசாலும் மீட்க முடியாது.