'எண்ட்கேம்': எதிரியோடு பேசுவது சரணடைவதா?

தென்னாபிரிக்காவின் நிறவெறி ஆட்சி வீழ்ந்ததைப் பற்றிப் பேசும்போது, 1990 பெப்ரவரி 11ஆம் திகதி நெல்சன் மண்டேலா சிறையிலிருந்து வெளியே வந்த காட்சியே நம் கண்முன் நிற்கும். அந்த நாளுக்கு முன் இங்கிலாந்தில் நடந்த இரகசியப் பேச்சுவார்த்தைகளைப் பலர் அறியமாட்டார்கள். பீட் ட்ராவிஸ் இயக்கத்தில் 2009இல் வெளிவந்த 'எண்ட்கேம்' திரைப்படம் அந்தக் கதையைச் சொல்கிறது.

1960இல் தடைசெய்யப்பட்ட ஆபிரிக்க தேசிய காங்கிரஸைப் பயங்கரவாத இயக்கம் என்றே அரசு அழைத்து வந்தது. அதனுடன் நேரடியாகப் பேச அரசு தயாராக இருக்கவில்லை. இந்நிலையில், அங்கு தங்கச் சுரங்கங்களில் முதலிட்டிருந்த ஒரு பிரித்தானிய நிறுவனத்தின் அதிகாரி மைக்கல் யங் 1987இல் இரு தரப்பையும் சந்திக்க வைத்தார். நிறுவனமே செலவை ஏற்றது. நாடு பற்றியெரிந்தால் தன் முதலீடும் அழியும் என்பது அதற்குத் தெரியும்.

ஒரு பக்கம் நாடுகடந்து வாழ்ந்த தாபோ எம்பெக்கி. மறுபக்கம் வெள்ளையின மெய்யியல் பேராசிரியர் வில்லி எஸ்டர்ஹைஸ். பேசப்பட்டவை அனைத்தையும் தமக்கு அறிவிக்குமாறு அரச புலனாய்வுத் துறை பேராசிரியரைக் கேட்டது. அவர் அதை எம்பெக்கியிடமே சொல்லிவிட்டார். எம்பெக்கி எழுந்து போகவில்லை. தன் இயக்கத்தின் செய்தி ஆட்சியாளரின் காதுக்கு நேரே போகும் வழியாகவே அதைக் கண்டார். நம்பிக்கை வளர்ந்த பிறகுதான் பேச வேண்டும் என்றிருந்தால், அந்தப் பேச்சு ஒருபோதும் தொடங்கியிருக்காது.

இந்தியப் பூர்வீகம் கொண்ட முஸ்லிம் குடும்பத்தைச் சேர்ந்த அஸீஸ் பஹாதும் அந்தப் பேச்சுக்களில் கலந்துகொண்டவர். மண்டேலாவுடன் ரொபன் தீவில் சிறையிருந்த அஹ்மத் கத்ராடா 1989 ஒக்டோபரில் விடுதலையானார். 1990 பெப்ரவரி 2இல் இயக்கத்தின் மீதான தடை நீங்கியது.

படத்தில் ஒரு குறையும் உண்டு. ஒரு மாளிகை அறையில் நடந்த உரையாடலே வரலாற்றை மாற்றியது போன்ற எண்ணம் அதைப் பார்ப்பவருக்கு ஏற்படலாம். வீதிக்கு இறங்கிய மக்கள், தொழிற்சங்கங்கள், சர்வதேசப் பொருளாதாரத் தடைகள் ஆகியவற்றின் அழுத்தம் இல்லாதிருந்தால் அரசு அந்த மேசையைத் திரும்பியும் பார்த்திராது. எம்பெக்கியின் தரப்பு பேசிக்கொண்டிருந்த காலத்திலும் போராட்டத்தைக் கைவிடவில்லை, தடைகளை நீக்குமாறு கேட்கவுமில்லை. எல்லோருக்கும் வாக்குரிமை என்ற கோரிக்கையும் குறையவில்லை. 1994 ஏப்ரல் 27இல் அந்த வாக்குரிமை நிறைவேறியது.

கோரிக்கையை விட்டுக்கொடுத்தால்தான் அது சரணடைவு. கோரிக்கையைக் கையில் வைத்துக்கொண்டே எதிரியின் முன் அமரலாம் என்பதற்கு எம்பெக்கியின் தரப்பு சாட்சி.