வேண்டாதவை எனத் தோன்றுபவை

இராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூரை நோக்கிக் கடலோரமாகச் செல்பவர்க்கு வலப்புறம் கடலும் இடப்புறம் ஆலைகளும் காட்சியளிக்கும். எண்ணூருக்கு வடக்கே, 2001ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்று 2014ஆம் ஆண்டில் காமராசர் துறைமுகம் எனப் பெயர் மாற்றப்பெற்ற பெருந்துறைமுகம் உள்ளது. அனல் மின்நிலையங்களுக்கு வேண்டிய நிலக்கரி அங்கு வந்து இறங்குகின்றது. நிலக்கரியை இறக்கிய கப்பல் வெறுமையாகத் திரும்பிச் செல்வதில்லை. தன் அடிப்பகுதித் தொட்டிகளில் கடல்நீரை நிரப்பிக்கொண்டே புறப்படுகின்றது. விலைபோகாத இந்நீரை ஏன் சுமக்க வேண்டும் என நாம் வினவக்கூடும். அந்நீர் இல்லையேல் கப்பல் மிக உயர்ந்து மிதக்கும். அலைகளில் நிலைகொள்ளாது தள்ளாடும். அதன் சுழல்விசிறி நீரில் நன்கு அமிழாது. வீண்சுமை எனத் தோன்றியதே கப்பலைக் காக்கும் சுமையாக இருப்பதை இங்குக் காண்கிறோம்.

கணினிக்கும் இவ்வுண்மை பொருந்தும். கணினியின் உறுப்புகள் அனைத்தையும் இயக்கி, ஏனைய மென்பொருள்கள் வேலை செய்வதற்கு இடமளிப்பது இயங்குதளம் எனப்படும். தமிழ்நாட்டு அரசு 2011ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 15ஆம் நாள் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின்கீழ் மாணவர் பெற்ற கணினிகள் பலவற்றில் விண்டோசு என்னும் இயங்குதளத்துடன் பாஸ் லினக்சு என்பதும் இடம்பெற்றிருந்தது. பாஸ் லினக்சு, சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையத்தில் உருவாகி 2007ஆம் ஆண்டு வெளிவந்தது; 1993ஆம் ஆண்டில் தொடங்கிய டெபியன் என்னும் தளத்தை அடிப்படையாகக் கொண்டது.

ஆண்டுகள் செல்லச் செல்ல, பழைய கணினியின் வேகம் போதாமற் போகின்றது. திருவொற்றியூரில் வாழும் மாணவன் ஒருவன் அத்தகைய கணினி ஒன்றை வைத்திருப்பதாகக் கொள்வோம். கடல் அரிப்பினால் தன் ஊர்க் கரை குறுகி வந்ததைப் பள்ளிக் கண்காட்சியில் ஒரு படத்தின் வாயிலாக விளக்க அவன் விரும்புகிறான். படம் வரைவதற்குக் கிம்ப் என்னும் மென்பொருளைத் தேர்ந்தெடுக்கிறான். இதனை 1995ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்களான இசுபென்சர் கிம்பல், பீட்டர் மேட்டிசு என்னும் இருவர் எழுதத் தொடங்கினர். இதனை விலையின்றிப் பெறலாம்.

கணினி விரைந்து இயங்க வேண்டும் என்னும் ஆவலால் அம்மாணவன், தனக்குப் பெயர் விளங்காத பகுதிகளையெல்லாம் வேண்டாதவை எனக் கருதி நீக்கிவிடுகிறான். வட்டில் இடம் பெருகுகின்றது. கணினியும் விரைவில் எழுகின்றது. ஆனால் கிம்பைத் திறக்க முயன்றால் ஒன்றும் நிகழவில்லை. கண்காட்சிக்கோ சில நாள்களே உள்ளன. அவன் என் செய்வான்?

முதலில் காரணத்தை அறிதல் வேண்டும். ஒரு மென்பொருள் தன் வேலைகள் அனைத்தையும் தானே செய்துகொள்வதில்லை. சாளரம் வரைதல், படக்கோப்பைப் படித்தல், எழுத்துகளை அடுக்குதல் போன்ற பொதுவேலைகளுக்கெனத் தனித்தனி நிரல் தொகுப்புகள் உள்ளன. இவற்றைப் பகிர்வு நூலகங்கள் என்பர். ஊர்ப் பொதுக்கிணற்றில் பல குடும்பத்தாரும் நீர் முகப்பது போல, ஒரே நூலகத்தைப் பல மென்பொருள்கள் பயன்படுத்துகின்றன. கிம்புக்கென எழுதப்பட்ட சாளரக் கருவித்தொகுதியே பின்னர் ஜிடிகே என்னும் பெயரில் எண்ணற்ற மென்பொருள்களுக்குப் பொதுநூலகம் ஆயிற்று. கிணற்றைத் தூர்ப்பவன் தன் வீட்டை மட்டுமா வாட்டுகிறான்?

ஒரு பகுதி மற்றொன்றைச் சார்ந்திருத்தல் இருவகைப்படும். ஒன்று, இன்றியமையாச் சார்பு. அஃது இல்லையேல் மென்பொருள் எழவே எழாது. மற்றொன்று, பரிந்துரைச் சார்பு. அஃது இல்லாவிடினும் மென்பொருள் எழும், ஆயினும் குறையுடன் இயங்கும். எசுவிஜி வகைப் படங்களைப் படிக்கும் சிறுபகுதி அகற்றப்பட்டால், சாளரம் திறந்தும் கருவிப் பட்டையின் சின்னங்கள் மறைந்துபோகலாம்.

தமிழ் எழுத்தே இவ்விருவகைக்கும் நல்ல சான்றாகும். ‘கொ’ என்று நாம் எழுதும்போது ஒற்றைக்கொம்பு ககரத்திற்கு முன்னும் கால் அதற்குப் பின்னும் நிற்கின்றன. கணினியின் நினைவகத்திலோ ககரம் முன்னும் உயிர்க்குறி பின்னுமாகவே இருக்கும். அக்குறியைப் பிரித்து உரிய இடங்களில் அமைப்பது ஆர்ஃபசு போன்ற எழுத்தமைப்பு நூலகத்தின் பணி. அந்நூலகத்தை நீக்கினால் அதனைச் சார்ந்த கிம்ப் எழாது. தமிழ் எழுத்துருக்களை மட்டும் நீக்கினாலோ கிம்ப் எழும். ஆனால் ஊர்ப்பெயரைத் தமிழில் எழுத முற்பட்டால் எழுத்துகளுக்கு மாற்றாக வெறுங்கட்டங்களே தோன்றும். எனவே, ‘எழவில்லையா? எழுந்தும் குறையுடையதா?’ என்பதே நாம் கேட்க வேண்டிய முதல் வினா.

இனிப் பழுது நீக்கும் முறையைக் காண்போம். சின்னத்தின்மீது மீண்டும் மீண்டும் சொடுக்குவதால் பயனில்லை. முனையம் என்னும் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, மென்பொருளின் பெயரை அங்குத் தட்டெழுதி இயக்குதல் வேண்டும். அப்பொழுது, சின்னத்தின் பின்னே மறைந்திருந்த பிழைச்செய்தி வெளிப்படும். குறித்த பகிர்வு நூலகத்தைத் திறக்க இயலவில்லை என்று அதன் பெயரோடு அச்செய்தி கூறுமாயின், நோயின் இடம் தெரிந்துவிட்டது எனலாம். ஐயம் நீங்கவில்லையாயின் எல்டிடி என்னும் கட்டளையைப் பயன்படுத்தலாம். அது மென்பொருள் நாடும் நூலகங்களை வரிசைப்படுத்தி, கிடைக்காதவற்றைக் கிடைக்கவில்லை என்றே குறித்துக் காட்டும்.

அடுத்து, நீக்கியவை எவை என அறிதல் வேண்டும். டெபியன் வழிவந்த தளங்களில் ஆப்ட் என்னும் நிறுவுகருவி, தான் சேர்த்தவற்றையும் நீக்கியவற்றையும் நாளும் நேரமும் குறித்து வரலாற்றுக் கோப்பில் பதிந்து வைக்கின்றது. அதனைப் பார்த்து, காணாமற்போன நூலகத்திற்குரிய பொதியை மீண்டும் நிறுவலாம். மாணவன் நிறுவுகருவியின் துணையின்றிக் கோப்புகளைத் தன் கையாலேயே அழித்திருந்தால் நிலைமை வேறு. அப்பொதி இன்னும் இருப்பதாகவே கருவி கருதும். ஆதலின் மறுநிறுவல் செய்யுமாறு அதற்கு வெளிப்படையாகக் கட்டளையிட வேண்டும்.

ஒவ்வொரு பகுதியாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் சோதித்துப் பார்ப்பதே முறையாகும். ஒரே நேரத்தில் பத்து மாற்றங்களைச் செய்பவன், பழுது நீங்கினாலும் எதனால் நீங்கிற்று என அறியான். நீக்கிய யாவும் திரும்பிய பின்னரும் குறை நிற்குமாயின், புதிய பயனர் கணக்கு ஒன்றில் மென்பொருளைத் திறந்து பார்க்கலாம். அங்கு நன்கு இயங்கினால், பழுது தளத்தில் இல்லை, பழைய கணக்கின் அமைப்புக் கோப்புகளிலேயே உள்ளது என்பது தெளிவாகும்.

இத்தகைய பிழை மாணவர்க்கு மட்டும் உரியதன்று. 2016ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், லெப்ட்பேட் என்னும் பதினொரு வரி நிரலை அதனை எழுதியவர் பொதுக் களஞ்சியத்திலிருந்து அகற்றினார். சொல்லின் இடப்புறத்தில் வெற்றிடம் சேர்ப்பதே அதன் சிறுபணி. ஆயினும் அதனை நேரடியாகவும் மறைமுகமாகவும் சார்ந்திருந்த மென்பொருள்கள் பல. அவற்றை அமைக்கும் வேலை உலகெங்கும் தடைப்பட்டது. களஞ்சியத்தார் சில மணி நேரத்திற்குள் அந்நிரலை மீட்டளித்த பின்னரே நிலைமை சீராயிற்று.

இவ்வாறு கூறுவதால் எதையும் நீக்கலாகாது என்பது பொருளன்று. பழைய கணினிக்குச் சுமை குறைப்பு நன்மையே தரும். எக்சுஎஃப்சிஇ போன்ற எளிய மேசைத்தளத்தை மேற்கொள்வதும், கணினி எழும்போதே தாமே தொடங்கும் தேவையற்ற பணிகளை நிறுத்துவதும் நல்ல வழிகள். எதனையும் நீக்குமுன் முக்கியக் கோப்புகளுக்குப் படியெடுத்து வைத்தல் வேண்டும். மெய்யாக நீக்காமல், நீக்கினால் எவையெவை உடன் செல்லும் என்று மட்டும் காட்டும் ஒத்திகை வசதியும் ஆப்ட் கருவியில் உண்டு. அவ்வொத்திகைப் பட்டியலில் கிம்பின் பெயர் காணப்படுமாயின் அங்கேயே கையை நிறுத்திக்கொள்ளலாம்.

நம் மாணவனும் இம்முறைகளைப் பின்பற்றி நூலகத்தையும் எழுத்துருவையும் மீட்பானாயின், அவன் ஊரின் பெயர் படத்தில் தமிழில் தெளிவாக விளங்கும். அவனுடைய பழைய கணினியும் குப்பைக்குச் செல்லாமல் இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும்.

ஒரு பொருளின் பயன் நமக்குத் தெரியவில்லை என்பதும், அதற்குப் பயனே இல்லை என்பதும் ஒன்றாகா. அறிந்து நீக்குதல் சிக்கனம். அறியாது நீக்குதல் அழிவு. எண்ணூர்க் கடலில் நீரைச் சுமந்து திரும்பும் கப்பலைக் காணும்தோறும் இவ்வேறுபாட்டை நினைவிற் கொள்வோமாக.