மின்சூளை சூடேறலையா? எலிமென்ட்டை மாத்துறதுக்கு முன்னாடி ஜாயின்ட்டைப் பாருங்க

கடலூர் மாவட்டம்னா நெய்வேலி நிலக்கரியும் சிதம்பரம் கோயிலும்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனா இது களிமண் மாவட்டமும்கூட. நெய்வேலி சுரங்கத்துல நிலக்கரியோட களிமண்ணும் கிடைக்குது. விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர்போன ஊர்.

சரி, கடலூர்லயோ சிதம்பரத்துலயோ உங்க மாடியில ஒரு சின்ன மின்சூளை இருக்குன்னு வைங்க. 1200 டிகிரிக்குப் போகணும், 1050-லயே நின்னுடுச்சு. உள்ள ஒரு மாச உழைப்பு. பார்க்கிறவங்க எல்லாரும் "எலிமென்ட் போச்சு, மாத்திடு"ம்பாங்க. அவசரப்படாதீங்க. சாஃப்ட்வேர்ல டீபக் பண்ற மாதிரி, சந்தேகப்பட வேண்டிய மூணு இடத்தையும் வரிசையா பார்ப்போம்.

முதல்ல எலிமென்ட். இது இரும்பு, குரோமியம், அலுமினியம் கலந்த கம்பி, காந்தல்னு சொல்வாங்க. வயசாக ஆக இதோட ரெசிஸ்டன்ஸ் ஏறும். புதுசுல 23 ஓம்னா, 230 வோல்ட்ல 2300 வாட் தரும். அதே கம்பி 26 ஓம் ஆனா சுமார் 2035 வாட்தான்.

அடுத்து வோல்டேஜ். பவர் வோல்டேஜோட வர்க்கத்தைப் பொறுத்தது. அதனால சாயங்காலம் 230 வோல்ட் 200-க்கு இறங்கினா, புது கம்பிகூட சுமார் 1740 வாட்தான் தரும். அதாவது கால்வாசி பவர் காலி. எலிமென்ட்டை மாத்தினாலும் இது சரியாகாது.

மூணாவதுதான் ஆபத்தானது: லூஸ் ஜாயின்ட். ஒரு டெர்மினல்ல வெறும் அரை ஓம் கூடுதலா இருந்தா, 10 ஆம்பியர் ஓடும்போது அந்த ஒரே புள்ளியில ஏறக்குறைய 50 வாட் சூடு. ஒரு சோல்டரிங் அயர்னை ஒயர்மேல வெச்ச மாதிரி! சூட்டுல உலோகம் ஆக்சைடு ஆகும், ரெசிஸ்டன்ஸ் இன்னும் ஏறும், சூடு இன்னும் கூடும். கடைசியில தீ. கடலூர் மாதிரி உப்புக்காத்து அடிக்கிற ஊர்ல டெர்மினல் இன்னும் சீக்கிரம் அரிக்கும்.

இப்போ எப்படிச் சோதிக்கிறது? சூளை முழுசா ஆறட்டும். எம்சிபியை ஆஃப் பண்ணி, பிளக்கையும் உருவிடுங்க. மூடியைத் திறந்து முதல்ல கண்ணால பாருங்க: கறுத்த லக், உருகின ஸ்லீவ், பச்சை பூத்த செம்பு. அரை ஓம் வித்தியாசம் மல்டிமீட்டர்ல கண்ணுக்குத் தப்பிடலாம், கருகல் தப்பாது. கருகின இடத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு முறுக்கினா போதாது. பளபளன்னு செம்பு தெரியிற வரைக்கும் வெட்டிட்டு, புது லக் போட்டு கிரிம்ப் பண்ணணும். ஒயரும் சூடு தாங்குற ரகமா இருக்கணும். சாதாரண பிவிசி ஒயர் 70 டிகிரிக்குத்தான்.

அதுக்கப்புறம் மீட்டரை எடுங்க. ஒவ்வொரு எலிமென்ட்டோட ஒரு முனையையும் கழட்டிட்டு தனித்தனியா அளங்க. இல்லேன்னா பக்கத்து எலிமென்ட்டோட ரீடிங்கும் கலந்துடும். மீட்டர் எதுவுமே காட்டலைன்னா கம்பி அறுந்திருக்கு. புதுசா இருந்தப்போ இருந்ததைவிட 10 சதவீதம் ஏறியிருந்தா மாத்திடலாம். பழைய கம்பியை வளைக்காதீங்க. சூடு கண்ட காந்தல், ஆறினதும் பொரிச்ச அப்பளம் மாதிரி நொறுங்கும்.

சூளை ஓடும்போது வோல்டேஜ் அளக்கிறது எலக்ட்ரீஷியன் வேலை. அவர் வரும்போது, சூளையோட இரும்பு உடம்புக்கு எர்த் சரியா இருக்கான்னும் பார்க்கச் சொல்லுங்க. புது எலிமென்ட் போட்ட அன்னிக்கே ஓம் அளவை மூடியோட உள்பக்கம் எழுதி வெச்சிடுங்க. அடுத்த தடவை சூளை நின்னா, ஒப்பிட்டுப் பார்க்க அந்த ஒரு நம்பர் போதும்.