ஸ்கேன் எடுக்கும் முன் தொழிலைச் சொல்லுங்கள்
பீன்யா தொழிலாளர்கள் அறிய வேண்டியவை

பெங்களூர் தும்கூர் சாலையை ஒட்டி 1970களில் உருவான பீன்யா தொழிற்பேட்டை, ஆயிரக்கணக்கான சிறு தொழிற்சாலைகள் நிறைந்தது. இங்குள்ள லேத் பட்டறைகளிலும் வார்ப்படச் சாலைகளிலும் தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்திலிருந்து வந்த தமிழர்களும் உழைக்கிறார்கள். உடம்புக்கு வந்தால் எக்ஸ்ரே, ஸ்கேன் எடுக்க இன்று நகரில் வசதிகளுக்குக் குறைவில்லை. ஆனால் நோயாளி தமது தொழிலைச் சொல்லாவிட்டால் அந்தப் படம் பாதி உண்மையைத்தான் காட்டும்.

மணல் தூசி

வார்ப்பட மணல் அச்சை உடைக்கும்போதும், வார்ப்பைத் தேய்த்துச் சுத்தம் செய்யும்போதும் எழும் தூசியில் சிலிக்கா உள்ளது. அதன் நுண்துகள்கள் நுரையீரலின் ஆழத்தில் தங்கித் தழும்பை உண்டாக்குகின்றன. இதுவே சிலிகோசிஸ். பெரும்பாலும் 10 ஆண்டுகளுக்கு மேல் தூசியில் உழைத்த பிறகே இது வெளிப்படும். ஏற்பட்ட தழும்பைப் போக்க மருந்து கிடையாது. தூசியிலிருந்து விலகுவதே முதல் சிகிச்சை.

எக்ஸ்ரே படத்தில் இது நுரையீரலின் மேற்பகுதியில் சிறு வெண்புள்ளிகளாகத் தெரியும். காசநோயும் பெரும்பாலும் அதே இடத்தைத்தான் பற்றும். இருமல், மூச்சிரைப்பு, உடல் மெலிவு இரண்டிலும் உண்டு. தொழில் தெரியாத டாக்டர், காசநோய் மட்டுமே என்று கருத இடமுண்டு. அப்படியானால் மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கிவிட்டு, தொழிலாளி மறுபடியும் அதே தூசிக்குத்தான் திரும்புவார். சிலிகோசிஸ் உள்ளவரைக் காசநோய் எளிதில் பற்றும் என்பதால், இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். எனவே எக்ஸ்ரேயுடன் சளிப் பரிசோதனையும் அவசியம்.

தூசி நோய்களைக் கணிக்க சர்வதேச தொழிலாளர் ஸ்தாபனம் மாதிரி எக்ஸ்ரே படங்களை வகுத்துள்ளது. நோயாளியின் படத்தை அவற்றுக்குப் பக்கத்தில் வைத்து, புள்ளிகளின் அளவையும் நெருக்கத்தையும் டாக்டர்கள் ஒப்பிடுகிறார்கள். சந்தேகம் நீங்காவிட்டால் சி.டி. ஸ்கேன் உண்டு. 1971ல் லண்டனில் முதல் நோயாளிக்கு எடுக்கப்பட்ட இந்த முறை, உடலைத் துண்டு துண்டாக அரிந்து பார்த்தது போலக் காட்டும். ஆனால் மார்பு சி.டி. ஒன்றின் கதிர்வீச்சு, பல பத்து எக்ஸ்ரேக்களுக்குச் சமம். டாக்டர் சொல்லாமல் தாமே போய் எடுத்துக் கொள்வது கூடாது.

பழைய படமே சாட்சி

1948ஆம் ஆண்டு ஈ.எஸ்.ஐ. சட்டம் சிலிகோசிஸைத் தொழில் நோயாகப் பட்டியலிட்டது. வேலையில் ஏற்பட்ட காயம் போலவே இதற்கும் இயலாமைத் தொகை கோரலாம். இயலாமையின் அளவை மருத்துவக் குழு முடிவு செய்யும். காண்டிராக்டில் கம்பெனி மாறிக்கொண்டே இருப்பவருக்குப் பழைய எக்ஸ்ரே படங்களும், வேலை செய்த இடங்களின் விவரமும், சம்பளச் சீட்டும் பெரிய துணை. அவற்றைத் தூக்கி எறியக் கூடாது.

கண்ணில் இரும்புத் துகள்

லேத், கிரைண்டிங், வெல்டிங் தொழிலாளர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் கதிர்வீச்சு இல்லை, காந்தம் உண்டு. பரவலாக உள்ள 1.5 டெஸ்லா இயந்திரத்தின் காந்தப்புலம், பூமியினுடையதைவிடச் சுமார் 30,000 மடங்கு வலிமையானது. என்றோ கண்ணுக்குள் பாய்ந்து தங்கிவிட்ட இரும்புத் துகளை அது அசைத்துவிடக்கூடும். உலோகத் தகடு வேலை செய்திருந்த ஒருவர் இவ்விதம் ஒரு கண்ணின் பார்வையை இழந்ததாக அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் 1986ல் செய்தி வெளியாயிற்று.

இதற்காகவே ஸ்கேனுக்கு முன் ஒரு கேள்வித்தாள் தரப்படுகிறது. கன்னடமோ ஆங்கிலமோ படிக்க வராதவர்கள் வெறுமனே கையெழுத்திட்டுவிடாமல், யாரையாவது படித்துக் காட்டச் சொல்ல வேண்டும். "கண்ணில் தூள் விழுந்ததுண்டு" என்று சொன்னால், சந்தேகமிருப்பின் முதலில் கண்ணுக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள்.

டாக்டர் கேட்காவிட்டாலும், என்ன வேலை, எத்தனை வருடம், எவ்வளவு தூசி என்ற மூன்றையும் தொழிலாளர்கள் தாமாகவே சொல்லிவிடுவது நல்லது. அதற்குக் காசு செலவில்லை.