மருத்துவம் நம் தெருவில் – 9: வலிக்குப் பக்கத்தில் உட்காருபவர்கள்

புற்றுநோய் முற்றிய ஒருவரை, ‘இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள்’ என்று பெரிய ஆஸ்பத்திரி அனுப்பிவிட்டால் அப்புறம் அந்த வீட்டில் என்ன நடக்கும்? ராத்திரியில் வலி கூடும். படுக்கைப்புண் வரும். புண்ணின் வாடை தாங்காமல் சொந்தக்காரர்களே வாசலோடு திரும்பிப் போவார்கள். சம்பாதித்தவரே படுத்துவிட்டால் அடுப்பு எரிவதும் சந்தேகம்தான். இப்படிப்பட்ட வீடுகளைத் தேடிப் போவதை ஊர்க்காரர்களே தங்கள் பொறுப்பாக எடுத்துக்கொண்டது வட கேரளத்தில்.

1993-இல் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் நண்பர்களுடன் சேர்ந்து ‘பெயின் அண்ட் பாலியேட்டிவ் கேர் சொசைட்டி’யைத் தொடங்கினார்கள். வலி தணிக்கும் சிகிச்சைக்கு ஓ.பி.யில் கூட்டம் பெருகியது. ஆனால் எழுந்து நடக்கவே முடியாதவர் ஓ.பி.க்கு எப்படி வருவார்? மலப்புரம் மாவட்டத்தில் வேரூன்றிய அண்டை அயலார் வலைப்பின்னல் இந்தக் கேள்விக்குப் பிறந்த பதில். அங்கே முதலில் கூடியவர்கள் ஆசிரியர்கள், கடைக்காரர்கள், மாணவர்கள், வீட்டுப் பெண்கள். எந்த வீட்டில் யார் படுத்திருக்கிறார் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். நர்ஸையும் டாக்டரையும் அந்த வீட்டுக்கு அழைத்துப் போனவர்களும் அவர்களே. இந்த வரிசைதான் முக்கியம் என்று நினைக்கிறேன். ஆஸ்பத்திரி வேலையில் கொஞ்சம் கைகொடுக்க வந்தவர்கள் என்று இவர்களைச் சொல்லிவிட முடியாது.

சேருகிறவர்களுக்குப் பயிற்சி உண்டு. முதலில் பேச்சைத்தான் திருத்துகிறார்கள். ‘பயப்படாதீங்க, எல்லாம் சரியாயிடும்’ என்று சொல்லக் கூடாது. சரியாகாது என்பது படுத்திருப்பவருக்கே தெரியும். அப்படிச் சொன்னால் அவர் அதற்குமேல் பேசமாட்டார். எதிரே உட்கார்ந்து, அவர் சொல்வதைக் குறுக்கே பேசாமல் கேட்க வேண்டும். கேட்க எளிதாகத் தோன்றும் இதற்குத்தான் நிறையப் பழக வேண்டியிருக்கிறது.

கை வேலையும் உண்டு. வாடை வீசும் புற்றுப்புண்ணைச் சுத்தம் செய்து, மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவிக் கட்டுகிறார்கள். மலிவான மாத்திரைதான். வாடை குறைந்ததும் பேரப்பிள்ளைகள் மறுபடி கட்டிலருகே வருவார்கள். அடுத்த முறை நர்ஸ் வரும்வரை காத்திருக்காமல் இதைச் செய்ய வீட்டாருக்கும் கற்றுத் தருகிறார்கள். படுத்திருப்பவரை எப்படிப் புரட்டிப் படுக்க வைப்பது, தண்ணீர் மெத்தையை எப்படி நிரப்புவது என்பதும் அந்தப் பாடத்தில் சேரும்.

கடும் வலிக்கு மார்பின் வேண்டும். வாய்வழி மார்பினைப் பெரும்பாலும் நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும். கூடவே மலச்சிக்கலுக்கும் மருந்து தர வேண்டும். மார்பினும் போதைப்பொருள் பட்டியலில் சேர்ந்ததால், 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் வந்தபின் அதை ஆஸ்பத்திரியில் இருப்பு வைக்கவே அடுக்கடுக்காக உரிமம் தேவைப்பட்டது. வலியால் துடித்தவர்கள் அதற்குக் கொடுத்த விலை மிகக் கொடியது. 2014-இல்தான் சட்டத்தைத் திருத்தினார்கள்.

பணம்? பெரும்பகுதி ஊரிலிருந்தே சிறுகச் சிறுகச் சேர்ந்தது. கடையில் வைத்த உண்டியலில் விழுந்த காசு மருந்தானது, ஜீப் வாடகையானது, சில வீடுகளுக்கு அரிசியானது, பிள்ளைகளின் பள்ளிச் செலவானது. வலியைத் தணித்துவிட்டுப் பட்டினியை அப்படியே விட்டுப் போக அவர்களுக்கு மனம் வரவில்லை.

2008-இல் கேரள அரசு வலி தணிப்புச் சிகிச்சைக்கென்றே ஒரு கொள்கையை அறிவித்தது. ஊராட்சிகள் வழியே சம்பளம் வாங்கும் நர்ஸ்கள் வீடு வீடாகப் போகத் தொடங்கினார்கள். பெரிய நன்மை இது. ஆனால் நர்ஸ் ஒரு நாளில் எத்தனை வீட்டுக்குப் போக முடியும்? அவர் வந்து போன பிறகு மீதி நேரம் முழுவதும் அக்கம்பக்கத்தார் கையில்தான் இருக்கிறது.

நம் தமிழ்நாட்டிலும் 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வலி தணிப்புச் சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. அரசு வாசல்வரை வந்துவிட்டது. நம் தெருவில் யார் படுத்திருக்கிறார் என்று அப்படி வரும் நர்ஸுக்குச் சொல்ல, அவர் போன பிறகு சாயங்காலம் போய்ப் பார்க்க, ஒவ்வொரு தெருவிலும் நாலு பேர் சேர வேண்டும். அப்படிச் சேருபவர்களுக்கு முதலில் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதை அடுத்த வாரம் பார்க்கலாம்.

(தொடரும்)