ஐகானை மறைச்சா ஆப் நின்னுடுமா?

லேப்டாப்பை ஆன் பண்ணதும், கீழே வலது மூலையில கடிகாரத்துக்குப் பக்கத்துல பாருங்க. ஒன்டிரைவ், டிஸ்கார்ட், ஸ்டீம், ஆன்டிவைரஸ்னு ஒரு வரிசையே நிற்கும். நீங்க திறக்காமலே பேக்ரவுண்டில் ஓடுற ஆப்கள் இவை. விண்டோஸ் 95 காலத்துல இருந்தே இந்த இடம் இருக்கு. கூட்டம் அதிகமானதால், 2001-ல் வந்த எக்ஸ்பி பயன்படுத்தாத ஐகான்களைத் தானாகவே ஒளிச்சு வைக்க ஆரம்பிச்சது.

மறைப்பது எப்படி?

விண்டோஸ் 11-ல் டாஸ்க்பார் மேல ரைட் க்ளிக் பண்ணி, டாஸ்க்பார் செட்டிங்ஸ் போங்க. அங்கே 'அதர் சிஸ்டம் ட்ரே ஐகான்ஸ்' பகுதியில் வேண்டாததை ஆஃப் பண்ணுங்க. அது சின்ன மேல்நோக்கு அம்புக்குறிக்குள்ள போயிடும்.

டெஸ்க்டாப்பும் நிரம்பி வழியுதா? காலி இடத்துல ரைட் க்ளிக், வியூ, 'ஷோ டெஸ்க்டாப் ஐகான்ஸ்' டிக்கை எடுத்துடுங்க. ஃபைல் எதுவும் அழியாது. ப்ராஜெக்ட் ரிவ்யூவுல ஸ்க்ரீன் காட்டும்போது ரொம்ப உதவும்.

ஆனா ஆப் நிற்காது

இதைத்தான் பலர் கவனிக்கிறதில்லை. ஐகான் மறைஞ்சாலும் ஆப் ரேமையும் டேட்டாவையும் எடுத்துக்கிட்டே இருக்கும். 2011-ல் தொடங்கின அரசு இலவச லேப்டாப் திட்டத்துல அக்கா, அண்ணன் வாங்கின பழைய மெஷினை இன்னும் ஓட்டுறவங்களுக்கு இந்த வித்தியாசம் நல்லாவே தெரியும்.

நிறுத்தணும்னா கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அழுத்துங்க. டாஸ்க் மேனேஜர் திறக்கும். ஸ்டார்ட்அப் பகுதியில் தேவையில்லாததை டிசேபிள் பண்ணுங்க. ஆப் அழியாது, லேப்டாப் ஆன் ஆகும்போது தானா கிளம்பாது, அவ்வளவுதான்.

கல்வராயன்மலை நண்பர்களுக்கு

லீவுக்கு வெள்ளிமலை பக்கம் ஊருக்குப் போய், கிடைக்கிற சிக்னல்ல மொபைல் ஹாட்ஸ்பாட் போட்டு அசைன்மென்ட் அனுப்புறீங்களா? லேப்டாப்புக்கு அதுவும் சாதாரண வைஃபை மாதிரிதான். அதனால அப்டேட்டையும் ஒன்டிரைவ் சிங்க்கையும் தாராளமா ஓட்டும். கள்ளக்குறிச்சி டவுன்ல இது தெரியாது. மலையில அன்னைக்கு டேட்டாவே காலியாகிடும். வைஃபை செட்டிங்ஸ்ல அந்த ஹாட்ஸ்பாட்டோட ப்ராப்பர்ட்டீஸ் போய் 'மீட்டர்ட் கனெக்ஷன்' ஆன் பண்ணுங்க. இந்தச் செலவு நிறையவே குறையும்.

சுருக்கமா: ஆன்டிவைரஸ், டச்பேட், ஆடியோ இதெல்லாம் ஓடணும், ஐகானை மட்டும் மறைங்க. கேம் லாஞ்சர், சாட் ஆப் தானா கிளம்ப வேண்டாம், ஸ்டார்ட்அப்ல நிறுத்துங்க. எது என்னன்னே தெரியாததைத் தொடாதீங்க, முதல்ல பேரைத் தேடிப் பாருங்க.